பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று தோன்றினால்: வகுப்பாசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

அடி, புறக்கணிப்பு, பாலியல் துன்புறுத்தல் இவற்றுக்கு ஆளாகும் பிள்ளையை அடையாளம் காண்பது, அடுத்து என்ன செய்வது என்பது பற்றி, தொடக்க, நடுநிலை வகுப்பு எடுப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கன்வாடிப் பணியாளர்கள், டியூஷன் எடுப்பவர்கள், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் 'வீட்டு விவகாரம், நமக்கெதுக்கு' என்று கடந்துவிடுவார்கள். வேறு சிலர் ஒரு காயத்தைப் பார்த்ததும் துப்பறியக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளையை நிற்கவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், அன்று மாலையே அப்பாவை வரச்சொல்லி விசாரிப்பார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வகையால்தான் அதிகம் கெட்டிருக்கிறது. அடித்தது யார் என்று கண்டுபிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் வேலை கவனிப்பது, எழுதுவது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது. அதையும் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பக்க எண் போட்ட ஒரு நோட்டு. பூட்டும் அலமாரியில் இருக்கட்டும். கிழித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பக்க எண்.

எண்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இவற்றோடு உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகிய மூன்றின் தொலைபேசி எண்களையும் எழுதி வையுங்கள். சிக்கல் எப்போதும் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குத்தான் வரும். அப்போது எண் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு சாதாரண நாளில் பாதுகாப்பு அலகுக்குப் போன் போட்டு, 'எங்கள் பள்ளிப் பகுதியை யார் பார்க்கிறார்கள்?' என்று கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலும் கவனிக்காமல் விட்டாலும் குற்றம் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. கையில் பிரம்போடு நிற்பவரிடம் எந்தப் பிள்ளையும் வீட்டில் வாங்கிய அடியைப் பற்றிச் சொல்லாது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

2. சாதாரண நாளில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கும்?

ஜூன், ஜூலை மாதங்களை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கொண்டுவந்து விடுகிறார்கள், யார் கூட்டிப் போகிறார்கள், எவ்வளவு சாப்பிடும், யாரோடு உட்காரும், கையெழுத்து எப்படி. நாம் தேடுவது பெரும்பாலும் மாற்றத்தைத்தான். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் மாற்றம் கண்ணில் படாது. பிறந்ததிலிருந்தே வாயடைத்த பிள்ளை உண்டு. போன மாதம் வரை வாயாடிக்கொண்டிருந்து இப்போது வாயடைத்துப்போன பிள்ளை வேறு.

பிறவி அடையாளங்களையும் இப்போதே கவனித்துவிடுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் பிட்டத்திலும் நீலச்சாம்பல் நிறத் திட்டுகள் பிறவியிலேயே இருக்கும், வளர வளர மங்கும். அங்கன்வாடியில் அதை அடிபட்ட தடம் என்று நினைத்துப் பதறியவர்களும் உண்டு. அடிபட்ட தடம் சில நாளில் நிறம் மாறி மறைந்துவிடும். பிறவித் திட்டு அப்படியே இருக்கும்.

3. உடம்பில் பார்க்க வேண்டியது

முதலில் இடம். ஓடியாடும் பிள்ளைக்கு எலும்பு துருத்திய இடங்களில் அடிபடும்: முட்டி, முன்கால், முழங்கை, நெற்றி, மோவாய். ஆனால் காது, கழுத்து, கன்னத்துச் சதை, முதுகு, வயிறு, பிட்டம், மேல்கையின் உள்பக்கம், தொடையின் பின்பக்கம் ஆகியவை விழுந்தால் எளிதில் அடிபடும் இடங்கள் கிடையாது. காது மடலில் ரத்தம் கட்டியிருந்தால் அதை ஒருபோதும் சாதாரணமாக எடுக்காதீர்கள். விழும்போது தலையும் தோளும்தான் முதலில் தரையில் படும், காது தப்பிவிடும்.

அடுத்து வயது. தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தை தானாகப் போய் எதிலும் இடித்துக்கொள்ளாது. அதன் உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பிறகு வடிவம். கீழே விழுந்த காயத்துக்கு ஒழுங்கான உருவம் இருக்காது. அடித்த பொருளோ தன் உருவத்தை விட்டுப் போகும். பெல்ட் பட்டையாக, மடித்த ஒயர் நீள்வளையமாக, விரல்கள் வரிவரியாக.

ஒரு ஆகஸ்ட் மாதம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவரில் சார்ட் மாட்டக் கையைத் தூக்கினான். புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. சட்டைக் கை சரிந்தபோது மேல்கையில் இரண்டு வளையத் தடங்கள் அருகருகே தெரிந்தன, செல்போன் சார்ஜர் ஒயர் தடிமனில். என் கண் அங்கே போனதைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் 'சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன் டீச்சர்' என்றான். கேட்காமலே வந்த பதில். அவன் வீட்டில் சைக்கிள் இல்லை. இவனைப் பற்றி மீண்டும் வருகிறேன், ஏனென்றால் அடுத்ததாக நான் செய்தது தப்பு.

தீக்காயத்திலும் இதே கதைதான். டீயைத் தானே கொட்டிக்கொண்டால் மேலிருந்து கீழே ஒழுகி, ஓரமெல்லாம் சிதறலாக இருக்கும். காலையோ கையையோ சுடுநீரில் பிடித்து அழுத்தினால் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் கோடு விழும். சிறிய வட்டமான சூடு சிகரெட்டாக இருக்கலாம், ஆறிய சிரங்காகவும் இருக்கலாம். அதனால் பெயர் வைக்காமல் இடத்தையும் அளவையும் மட்டும் சொல்லுங்கள். காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு வைக்கும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. 'வைத்தியம்தான் டீச்சர்' என்று பாட்டி சொன்னாலும் பிள்ளைக்கு அது தீக்காயம்தான், தெரிவிக்க வேண்டியதும்தான். சேட்டைக்குத் தண்டனையாகக் கரண்டியால் சூடு இழுப்பது, மிளகாய்ப் புகை பிடிப்பது எல்லாம் இதே கணக்கில் வரும்.

கடைசியாக, சொல்லும் காரணம். காயமும் கதையும் பொருந்துகிறதா? காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறுகிறதா? கை வீங்கி மூன்று நாள் ஆகியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லையா? பொருந்தவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே வாதாட வேண்டாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள். ஒன்று, நிறத்தை வைத்து நாள் கணக்குப் போடுவது. 'மஞ்சளாயிடுச்சு, ஒரு வாரம் ஆயிருக்கும்' என்று எழுதாதீர்கள். நிறத்தை மட்டும் பார்த்து மருத்துவர்களாலேயே நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, சட்டையைக் கழற்றிப் பார்ப்பதும் செல்போனில் படம் எடுப்பதும். தானாகத் தெரிவதை மட்டும் பாருங்கள். மற்றது மருத்துவர் வேலை.

4. பசி, அழுக்கு, வராத நாட்கள்

அடியை விடக் கண்ணில் படாமல் போவது புறக்கணிப்பு. ஏனென்றால் அது ஒரு நாளில் நடப்பதில்லை.

இங்கே வறுமையையும் புறக்கணிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கிழிந்த சட்டையும் தேய்ந்த செருப்பும் வறுமை. அதைப் புறக்கணிப்பு என்று எழுதுவது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வீட்டில் இருப்பது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா? சத்துணவு முட்டையை டிபன் பாக்ஸில் மூடி வைத்துத் தம்பிக்குக் கொண்டுபோகும் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தபோது அம்மா செங்கல் சூளையில், அப்பா கிடையாது, இருக்கும் கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போகிறார். அந்த வீட்டுக்குத் தேவை உதவி. அதே வருடம் இன்னொரு பையன், அப்பா நன்றாகச் சம்பாதிக்கிறவர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை உணவில் மூன்றாவது முறை உப்புமாவுக்குத் தட்டை நீட்டுவான், வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. சனி, ஞாயிறு வீட்டில் அடுப்பே எரியவில்லை என்பது பிறகு தெரிந்தது. திங்கட்கிழமைத் தட்டைக் கவனியுங்கள்.

மருத்துவமும் அப்படித்தான். காதில் சீழ், பல்லில் வீக்கம், மாதக்கணக்கில் சொறி, பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த சீட்டு பையிலேயே கிடப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள் என்று இரண்டு முறைக்கு மேல் சொல்லியும் கூட்டிப் போகவில்லை என்றால் எழுதுங்கள்.

வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வாரம் இரண்டு நாள் நிறுத்தப்படும் அக்காக்கள் அதில்தான் தெரிவார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் விடுமுறை முடிந்து வரவில்லை, 'ஊருக்குப் போயிருக்கா' என்ற பதில் இரண்டு வாரமாக மாறவில்லை என்றால் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று யோசியுங்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் என்றால் அதற்கும் 1098தான். மாவட்டச் சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். பத்திரிகை அடிக்கும் முன் சொன்னால் நிறுத்துவது சுலபம்.

திட்டு, அவமானம் இவற்றுக்குத் தழும்பு கிடையாது. தன்னைத் 'தண்டம்', 'சனியன்' என்று தானே சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

5. நடத்தையில் பார்க்க வேண்டியது

பாலியல் துன்புறுத்தலில் உடம்பில் அடையாளம் தேடிக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒன்றும் தெரியாது, மருத்துவர் பார்த்தாலும்கூட. ஒன்றும் இல்லை என்ற அறிக்கை, ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

தெரிவது நடத்தையில்தான். குறிப்பிட்ட ஒருவரையோ, ஓர் இடத்தையோ, ஒரு நேரத்தையோ கண்டு பயம். பள்ளி விட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வராண்டாவில் சுற்றுவது. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது. உட்காரவோ சிறுநீர் கழிக்கவோ வலி. தொட்டால் துள்ளி விலகுவது. யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லாத புதுப் பொருள், மறைத்துப் பார்க்கும் செல்போன். கையில் பிளேடு கீறல்கள்.

இவற்றில் எந்த ஒன்றுக்கும் நூறு வேறு காரணங்கள் இருக்கலாம். வீட்டில் சாவு, பரீட்சை பயம், பூச்சித் தொல்லை. ஒன்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து, திடீரென்று, ஒரே காலத்தில் தொடங்கினால் அதுதான் கணக்கு.

அஞ்சு வயதுப் பிள்ளைகள் 'அம்மா அப்பா விளையாட்டு' விளையாடுவதும் உடம்பைப் பற்றிக் கேட்பதும் இயல்பு. பெரியவர்களுக்கு மட்டுமே தெரிந்த விவரத்தோடு பேசுவது, சின்னப் பிள்ளையை வற்புறுத்துவது வேறு. அப்படிச் செய்யும் பிள்ளையை அடிக்காதீர்கள், அதற்கும் யாரோ செய்திருக்கலாம்.

பையன்களை மறந்துவிடாதீர்கள். 'ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆகும்' என்று நினைப்பவர்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். செய்பவர் முகம் தெரியாத ஆள் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலும் பிள்ளைக்கும் வீட்டுக்கும் நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

6. அன்றைக்கே எழுதுங்கள்

பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: 'மாணவனை அவன் தந்தை அடித்துள்ளார். சோகமாகக் காணப்பட்டான்.' இதில் பார்த்தது எதுவும் இல்லை.

இப்படி இருக்க வேண்டும்: '12ஆம் தேதி, காலை 10.20. இடது மேல்கையின் வெளிப்பக்கம் இரண்டு சிவந்த வளையத் தடங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய சுண்டுவிரல் நீளம். நான் கேட்கும் முன்பே, சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன் டீச்சர் என்றான். இன்று மூன்றாவது நாளாக முழுக்கைச் சட்டை.'

பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள், கொச்சையாக இருந்தாலும் சரி. 'மறைவிடத்தில் தொட்டதாகக் கூறினாள்' என்று நாகரிகப்படுத்தினால் பிள்ளை சொன்னது போய்விடும். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே கையெழுத்துப் போடுங்கள்.

7. பிள்ளையிடம் பேசுவது

இனி என் தப்பு. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, 'யாரு அடிச்சா? அப்பாவா?' என்று கேட்டேன். 'ஆமா' என்றான். அப்பாவை நோக்கியே எல்லாம் நகர்ந்தது. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அடித்தது கூடவே இருந்த சித்தப்பா. டீச்சர் 'அப்பாவா' என்று கேட்டதால் 'ஆமா' சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் சித்தப்பா அதே வீட்டில்தான் இருந்தார்.

அதனால் பதிலை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். 'கையில என்ன ஆச்சு கண்ணு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்ல ஆரம்பித்தால் 'சரி', 'அப்புறம்?' போதும். நிறுத்தினால் விட்டுவிடுங்கள். விவரம் முழுவதும் வாங்குவது உங்கள் வேலை இல்லை. தெரிவிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு ஆறாவது முறை சொல்லும்போது பிள்ளைக்கு வெறுத்துவிடும், வார்த்தையும் மாறிவிடும்.

இடம் முக்கியம். பூட்டிய அறை வேண்டாம், ஆசிரியர் அறையும் வேண்டாம். ஆள் பார்க்கும் தூரத்தில், காதில் விழாத இடம். வராண்டா ஓரம் சரியாக இருக்கும். நீங்களும் அதே உயரத்தில் உட்காருங்கள்.

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அதை மீற வேண்டி வரும், அப்புறம் அந்தப் பிள்ளை எந்தப் பெரியவரையும் நம்பாது. 'எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லணும்' என்பது உண்மை. 'ஏன் அப்பவே சொல்லல?' என்பது வாயிலேயே வரக் கூடாது. 'நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல' என்றால் போதும். உங்கள் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். அழுகை வந்தால் பிறகு அழுங்கள்.

8. யாரிடம், எந்த வரிசையில்

முதலில் மருத்துவம். பலத்த காயம் என்றாலோ, பாலியல் வன்முறை அண்மையில் நடந்தது என்றாலோ உடனே அரசு மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தவரை முன்னதாக. குளிப்பாட்டாதீர்கள், உடையைத் துவைக்காதீர்கள். மாற்றியாகிவிட்டது என்றால் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். 'எஃப்.ஐ.ஆர். கொண்டுவாங்க' என்று சிகிச்சையை மறுக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை, 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளிலேயே இது இருக்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்து, தெரிவிப்பது. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, தெரிந்த ஒவ்வொருவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. நான் பார்த்ததில் அதிகம் சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். 'எச்.எம். கிட்ட சொல்லிட்டேன், அவர் பார்த்துப்பார்' என்பார்கள், அவர் மேலே சொல்லியிருக்க மாட்டார். அவரிடம் சொல்லுங்கள், ஆனால் அழைப்பை நீங்களே செய்யுங்கள். தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. அதனால் உறுதியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். காவல் நிலையத்தில் பதிவு எண் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடி, சூடு, புறக்கணிப்பு என்றால் 1098 அல்லது பாதுகாப்பு அலகு. பிள்ளையை வீட்டிலிருந்து மாற்ற வேண்டுமா என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். நீங்கள் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு பாசமாக இருந்தாலும்.

பெற்றோரிடம் எப்போது சொல்வது? சந்தேகம் வீட்டுக்கு வெளியே என்றால் உடனே, நம்பத்தகுந்த ஒருவரிடம். வீட்டுக்குள்ளே என்றால் அழைப்பு முடிந்த பிறகு, அலுவலர்கள் சொல்லும்போது மட்டும். முன்கூட்டியே சொன்னால் அன்று இரவு அந்தப் பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்கும்.

பள்ளியில் உள்ள ஒருவர் மேலேயே புகார் என்றால் 'முதலில் நமக்குள்ளே விசாரிப்போம்' என்பார்கள். விசாரிக்க வேண்டாம், கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தவும் வேண்டாம். அதே நாளில் அழைப்பு.

போலீஸ் என்றதும் பிள்ளை பயப்படும். அதனிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது. இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வைத்துத்தான் கேட்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

9. அதற்குப் பிறகு

ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். பெயர், பள்ளி, படம், உறவு என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். ஆறுதல் சொல்லும் சாக்கில் கசிந்த செய்திகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிள்ளை திரும்பி வரும்போது பழைய இடம், பழைய வேலை. சார்ட் மாட்டினவன் சார்ட் மாட்டட்டும். எல்லார் முன்னாலும் தனியாகத் தடவிக் கொடுப்பது வேண்டாம், சக பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நோட்டை மூடிவிடாதீர்கள். நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வரலாம். அழைத்து ஒரு வாரமாகியும் யாரும் வரவில்லை என்றால் பதிவு எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள், எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் குறியுங்கள். புதுக் காயம் தெரிந்தால் 'ஏற்கெனவே சொல்லியாச்சே' என்று விடாமல், அதைப் புதிய பதிவாக எழுதிப் புதிதாக அழையுங்கள்.